எல் போர்டு வண்டிக்கு எவ்வளவு பவர் போதும்?

கார் பழகப் போகிறவரிடம் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். "சின்ன வண்டியில் பழகு, இடித்தாலும் செலவு கம்மி" என்பார் ஒருவர். "எப்படியும் பெரிய வண்டியைத்தானே ஓட்டப் போகிறாய், அதிலேயே பழகிவிடு" என்பார் இன்னொருவர். இரண்டிலும் பாதிதான் சரி. பவர் குறைந்த வண்டியில் தொடங்குவதன் உண்மையான லாபம் இடிக்கும் செலவில் இல்லை. அதில் தவறு மெதுவாக நடக்கும். கால் என்ன செய்தது என்று புரிந்துகொள்ளவும் திருத்தவும் ஒன்றிரண்டு விநாடி கிடைக்கும். அதே சமயம், லைசென்ஸ் கைக்கு வந்ததும் வீட்டில் நிற்கும் பெரிய வண்டியை எடுக்கப் போகிறவர், பக்கத்தில் அனுபவசாலி இருக்கும்போதே அதையும் ஓட்டிப் பழகியிருக்க வேண்டும். எந்தக் கட்டத்தில் எந்த வண்டி, அதில் எதை எப்படிப் பழகுவது என்று வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் உங்கள் வண்டியின் கணக்கைப் போடுங்கள்

குதிரைத்திறனை மட்டும் பார்த்து ஒரு வண்டி பவரானதா என்று சொல்ல முடியாது. அந்தத் திறன் எவ்வளவு எடையை இழுக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பதிவுச் சான்றிதழிலோ வண்டியின் கையேட்டிலோ இரண்டு எண்களும் இருக்கும். குதிரைத்திறனை ஏறக்குறைய 0.74-ஆல் பெருக்கினால் கிலோவாட் வரும். அதை வண்டியின் காலி எடையால் (டன்னில்) வகுங்கள்.

80 குதிரைத்திறன், 950 கிலோ எடை உள்ள சின்ன கார்: 59 கிலோவாட், வகுத்தால் டன்னுக்கு 62. 200 குதிரைத்திறன், 1,500 கிலோ உள்ள செடான்: 148 கிலோவாட், டன்னுக்குக் கிட்டத்தட்ட 99. 300 கிலோவாட் மோட்டார் வைத்த 2,000 கிலோ மின்சாரக் கார்: டன்னுக்கு 150.

சில நாடுகளின் சட்டமே இந்த அளவுகோலைத்தான் வைத்திருக்கிறது. இத்தாலியில் 2024 டிசம்பர் முதல், புதிதாகக் கார் லைசென்ஸ் எடுத்தவர்கள் முதல் 3 ஆண்டுகளுக்கு டன்னுக்கு 75 கிலோவாட்டையோ மொத்தத்தில் 105 கிலோவாட்டையோ தாண்டும் கார்களை ஓட்ட முடியாது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா மாநிலங்களில் பி பிளேட் ஓட்டுநர்களுக்கு (புதிதாகத் தற்காலிக லைசென்ஸ் எடுத்தவர்களுக்கு) டன்னுக்கு 130 கிலோவாட் என்பது எல்லை. இவை லைசென்ஸ் வாங்கியபின் தனியாக ஓட்டுகிறவர்களுக்கான விதிகள் என்பதையும் கவனியுங்கள்.

பழகுவதற்கு எங்கள் கணக்கு இது: 70 வரை கவலையே இல்லை. 70 முதல் 100 வரை, கீழே சொல்லும் ஏற்பாடுகளோடு சமாளிக்கலாம். 100-க்கு மேல் போனால் முதல் கட்டத்துக்கு வேண்டாம். 130-ஐத் தாண்டிய வண்டியைப் பழகும் காலத்தில் சாலைக்கே எடுக்க வேண்டாம். ஒரு டிரைவிங் ஸ்கூலில் பத்து மணி நேரம் சின்ன வண்டிக்குக் கட்டணம் கட்டுவது அதைவிட மலிவு.

பவர் எங்கே காலை வாரும்

பெரும்பாலோர் அதிக வேகத்தைத்தான் நினைத்துப் பயப்படுகிறார்கள். புதியவருக்கு ஆபத்து இருப்பது அங்கே மட்டும் அல்ல, பார்க்கிங் இடத்திலும்தான்! பிரேக்கை மிதிப்பதாக நினைத்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை மிதிப்பதுதான் மிக மோசமான தவறு. வண்டி பாய்ந்ததும் "பிரேக் பிடிக்கவில்லையே" என்று அதே பெடலை இன்னும் அழுத்துவார்கள். தவறு புரிய இரண்டு விநாடியாவது ஆகும்.

அந்த இரண்டு விநாடியில் என்ன நடக்கும்? 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட 14 விநாடி எடுக்கும் வண்டி, சராசரிக் கணக்கில் 4 மீட்டர் நகர்ந்து 14 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். 6 விநாடியில் தொடும் வண்டி 9 மீட்டர் தாண்டி 33 கிலோமீட்டரில் இருக்கும். (முதல் கியரில் இரண்டுமே சராசரியைவிடச் சுறுசுறுப்பாகக் கிளம்பும். இங்கே விகிதத்தை மட்டும் பாருங்கள்.) மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் கூடுவதால், இரண்டாவது வண்டி சுவரில் கொண்டுபோய்க் கொட்டும் ஆற்றல் ஒரே எடைக்கு ஐந்து மடங்குக்கும் மேல்.

மின்சாரக் காரில் இன்னொரு சிக்கலும் உண்டு. பெட்ரோல் இன்ஜின் உறுமும்போது, காது "கால் தப்பான இடத்தில் இருக்கிறது" என்று எச்சரித்துவிடும். மோட்டாரில் அந்தச் சத்தம் இல்லை. போதாததற்கு முழு இழுவையும் நின்ற நிலையிலேயே கிடைக்கும்.

அடுத்தது டர்போ, அதாவது இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணித்துப் பவரைக் கூட்டும் சாதனம். டர்போ வைத்த இன்ஜின் சுமார் 1,500 முதல் 2,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை) வரும்வரை மந்தமாக இருக்கும், அதைத் தாண்டியதும் மொத்தமாக இழுக்கும். புதியவர் மிதிப்பார், வண்டி நகராததுபோல் இருக்கும், இன்னும் மிதிப்பார். அதற்குள் டர்போ விழித்துக்கொள்ள, கேட்டதைவிட இரண்டு மடங்கு பாய்ச்சல் கிடைக்கும். பயந்துபோய்க் காலை முழுதாக எடுப்பார். வண்டி மூக்கைக் குத்தும். இப்படி முன்னும் பின்னும் ஆடும் ஓட்டம் பழக்கமாகிப்போனால் பிறகு திருத்துவது பெரும்பாடு. ஆட்டோமேட்டிக் கியரில் இதற்கு இணையான சங்கடம் கிக்டவுன்: ஆக்ஸிலரேட்டரை ஆழமாக அழுத்தினால் கியர் ஒன்றிரண்டு படி கீழே இறங்கி வண்டி சீறும்.

மூன்றாவது, வேகம் தெரியாமல் போவது. கனமான, சத்தமில்லாத வண்டிக்குள் 80 கிலோமீட்டர் வேகம் 50 போலத் தெரியும். வேகத்தைக் கணிக்கும் பழக்கம் வராதவருக்கு வளைவில்தான் அது தெரியவரும்.

பவர் வண்டிக்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு என்பதைச் சொல்லிவிட வேண்டும். கீழ் ஆர்பிஎம்மிலேயே நல்ல இழுவை உள்ள டீசல் இன்ஜின், ஆக்ஸிலரேட்டரே தொடாமல் கிளட்ச்சை மெல்ல விட்டாலும் ஆஃப் ஆகாமல் நகரும். நடுச் சந்திப்பில் இன்ஜின் ஆஃப் ஆகி, பின்னால் ஹார்ன் அடிக்கும்போது வரும் பதற்றம் இதில் குறைவு. ஆனால் கிளட்ச்சைக் கன்னாபின்னாவென்று விட்டாலும் அந்த இன்ஜின் பொறுத்துக்கொள்வதால், தவறு நடந்ததே தெரியாது. பின்னால் சின்ன பெட்ரோல் வண்டியில் ஏறினால் முதல் நாள் முழுக்க ஆஃப்தான்.

கிளம்புமுன் செய்து முடிக்க வேண்டியவை

வண்டியில் டிரைவ் மோட் (ஓட்டும் முறையைத் தேர்ந்தெடுக்கும் வசதி) இருந்தால் ஈகோவில், அதாவது சிக்கன முறையில், வையுங்கள். பெரும்பாலான வண்டிகளில் ஈகோ மோடில், பெடலை அதே அளவு அழுத்தினாலும் இன்ஜின் நிதானமாகப் பதில் சொல்லும். ஸ்போர்ட் மோடைத் தொடவே வேண்டாம். சறுக்கலைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சி பட்டன் அணைக்கப்படவில்லை என்று டேஷ்போர்டு விளக்கில் உறுதி செய்யுங்கள். ஸ்பீடு லிமிட்டர் இருந்தால் 50-ல் வையுங்கள். ஆனால் பல வண்டிகளில் ஆக்ஸிலரேட்டரைக் கடைசிவரை அழுத்தினால் லிமிட்டர் விலகிவிடும். எனவே பெடல் மாறும் தவறிலிருந்து அது காப்பாற்றாது.

மின்சாரக் காரில் காலை எடுத்ததும் வேகம் குறையும் ஒற்றைப் பெடல் முறை உண்டு. பழகும்போது அதைக் குறைந்த அளவில் வையுங்கள். இல்லாவிட்டால் கால் பிரேக்கைத் தேடிப் போகும் பழக்கமே வராது. பேட்டரி முழுதாக நிரம்பியிருக்கும்போது பல வண்டிகளில் அந்தத் தானியங்கி வேகக்குறைப்பு வழக்கம்போல் இருக்காது. நம்பிப் பழகியவர் அன்றைக்குத்தான் திகைப்பார்.

ஓட்டுநர் காலடியில் விரித்த மேட் கொக்கியில் மாட்டியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். மேட்டின் மேல் இன்னொரு மேட் போடக்கூடாது. நழுவிய மேட் ஆக்ஸிலரேட்டரை அமுக்கிப் பிடித்துக்கொள்வது கற்பனை அல்ல. அப்படி நடந்தால் பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்திப் பிடித்து, கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, ஓரம் கட்டி, நின்றபிறகு இன்ஜினை அணைக்க வேண்டும். பிரேக்கை விட்டுவிட்டு மிதித்தால் அதற்கு உதவும் வெற்றிடம் தீர்ந்து பெடல் கல்லாகிவிடும். ஓடும்போதே இன்ஜினை அணைத்தாலும் ஸ்டீயரிங்கும் பிரேக்கும் இறுகும்.

சீட்டை இப்படி வையுங்கள்: கிளட்ச்சை (ஆட்டோமேட்டிக் என்றால் பிரேக்கை) முழுதாக அழுத்தும்போதும் முழங்கால் சற்று மடங்கியிருக்க வேண்டும். முதுகு சாய்ந்தபடி கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் மேல் விளிம்பில் படவேண்டும். தடித்த அடிப்பாகம் உள்ள ஷூ, கழன்று விழும் செருப்பு இரண்டும் ஆகாது. டயர் காற்றை, ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுப்படி, வண்டி சூடாகுமுன் பாருங்கள்.

பழகுபவரைக் காப்பீடு ஏற்கிறதா என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பவர் கூடிய வண்டிகளுக்கு விதிவிலக்குகள் இருக்கலாம்.

முதல் கட்டம்: காலி மைதானம்

குறைந்தது 100 மீட்டர் நேராக ஓட இடம், எதிரே சுவரோ கம்பமோ இல்லாத திசை, ஆள் நடமாட்டம் இல்லாத நேரம். இந்த மூன்றும் இல்லாத இடம் மைதானமே அல்ல.

1. இன்ஜினை அணைத்தபடியே தொடங்குங்கள். குதிகால் பிரேக்குக்கு நேராகத் தரையில் இருக்கட்டும். பாதத்தை மட்டும் வலப்பக்கம் திருப்பினால் ஆக்ஸிலரேட்டர். கண் சாலையில் இருக்க, பக்கத்தில் இருப்பவர் மாற்றி மாற்றிப் பெடல் பெயரைச் சொல்லட்டும். 20 முறை. குனிந்து பார்த்தால் முதலிலிருந்து. சில பெரிய வண்டிகளில் பிரேக் பெடல் ஆக்ஸிலரேட்டரைவிட உயரமாக இருக்கும். அங்கே குதிகால் சற்று எழும்பினால் பரவாயில்லை.

2. ஆட்டோமேட்டிக் என்றால் அடுத்தது ஊர்ந்து நிற்பது. கியரை டி-யில் (டிரைவ்) போட்டுப் பிரேக்கை மட்டும் விடுங்கள். வண்டி தானாக 5 முதல் 8 கிலோமீட்டர் வேகத்தில் ஊரும். தரையில் ஒரு தண்ணீர் பாட்டிலை வைத்து, அது பக்கக் கண்ணாடிக்கு நேராக வரும்போது நிறுத்துங்கள். நிற்பதற்குச் சற்று முன் பிரேக் அழுத்தத்தைக் கொஞ்சம் தளர்த்தினால் தலை ஆடாது. பத்து முறை சரியாக வரும்வரை ஆக்ஸிலரேட்டருக்கு வேலை இல்லை. பார்க்கிங் இடத்தில் கால் எப்போதும் பிரேக்கின் மேலேயே இருக்கும் பழக்கம் இங்கேதான் உருவாகிறது.

3. மேனுவல் என்றால் கிளட்ச். சமதரை, முதல் கியர், ஆக்ஸிலரேட்டர் இல்லை. மெல்ல மெல்ல மேலே விடுங்கள். இன்ஜின் சத்தம் ஒரு படி தாழும், பானட் லேசாக நிமிரும், ஆர்பிஎம் முள் சற்று இறங்கும். அங்கேயே காலை நிறுத்தி மூன்று எண்ணி, மறுபடி அமுக்குங்கள். கால் இந்தப் புள்ளியைக் கண்ணை நம்பாமல் கண்டுபிடிக்கும்வரை செய்ய வேண்டும். பெரிய இன்ஜின்களில் கிளட்ச் ஸ்பிரிங் கடினமாக இருந்தால் இடது கால் பத்து நிமிடத்தில் நடுங்கத் தொடங்கும்; இடைவெளி விடுங்கள். தீய்ந்த வாடை வந்தால் கிளட்ச் பிளேட் சூடேறிவிட்டது. நியூட்ரலில் போட்டு 10 நிமிடம் நிறுத்திவையுங்கள்.

4. ஆக்ஸிலரேட்டர். ஆர்பிஎம் 2,000-ஐத் தாண்டக்கூடாது என்று வைத்துக்கொண்டு 20 கிலோமீட்டர் வேகம்வரை போங்கள். டர்போ வண்டியில், பெடலைக் கொஞ்சம் அழுத்தி அப்படியே வைத்து இரண்டு விநாடி காத்திருங்கள். வண்டி பதில் சொன்னபிறகுதான் அடுத்த அழுத்தம். காலைத் திரும்ப எடுப்பதும் அதே நிதானத்தில்.

5. கடைசியாக, முழு பிரேக். 30 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கிப் பிறகு 40. "நிறுத்து" என்றதும் பிரேக்கையும் கிளட்ச்சையும் தரைவரை அழுத்தி, வண்டி நிற்கும்வரை எடுக்காதீர்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் வேலை செய்யும்போது பெடல் காலுக்கடியில் தடதடக்கும், கரகரவென்று சத்தம் வரும். புதியவர்கள் பலர் ஏதோ உடைந்துவிட்டதென்று காலை எடுத்துவிடுவார்கள். அந்தத் தடதடப்பை மைதானத்திலேயே நான்கைந்து முறை உணர்ந்துவிட வேண்டும்.

உலர்ந்த தரையில், ஒரு விநாடி யோசனை நேரத்தையும் சேர்த்து, 40-ல் நிற்க சுமார் 20 மீட்டர், 60-ல் சுமார் 37, 80-ல் சுமார் 57. பவர் வண்டியும் சின்ன வண்டியும் இதில் பெரிதாக மாறுவதில்லை. நிறுத்துவது டயரும் தரையும்தான். 60-க்குப் போய்ச் சேர ஆகும் நேரம் மட்டும் பாதியாகிவிடுகிறது.

இரண்டாம் கட்டம்: சாலை, சின்ன வண்டியில்

10 முதல் 15 மணி நேரமாவது இந்தக் கட்டம் ஓட வேண்டும். கியர், மிரர், இண்டிகேட்டர், சந்திப்பு, ரிவர்ஸ் எல்லாம் யோசிக்காமல் கைக்கு வரும்வரை. இதை எல்லாரும் சொல்லித் தருவார்கள் என்பதால் நீட்டவில்லை. ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: வேகத்தை முதலில் வாயால் சொல்லிவிட்டு, பிறகு மீட்டரைப் பாருங்கள். 5 கிலோமீட்டருக்குள் சரியாக வருகிற நாளில்தான் பெரிய வண்டியைப் பற்றிப் பேசலாம்.

பவர் குறைந்த வண்டி இன்னொன்றையும் கற்றுத் தரும். வேகமான சாலையில் சேரும்போதும் ஏற்றத்தில் ஓவர்டேக் செய்யும்போதும் முன்கூட்டியே கியரை இறக்கி, இடைவெளியைத் தேர்ந்து, பொறுத்திருந்து போகவேண்டியிருக்கும். எரிச்சலாக இருக்கும். சாலையைத் தூரத்தில் படிக்கும் கண் அப்படித்தான் வருகிறது.

மூன்றாம் கட்டம்: பெரிய வண்டிக்கு மாறுவது

முதல் நாள் மறுபடி மைதானம். இரண்டாவது, ஐந்தாவது பயிற்சிகளைத் திரும்பச் செய்யுங்கள். பிரேக் பெடலின் கனம் வேறாக இருக்கும். நீளமான பானட்டின் முனை எங்கே முடிகிறது என்று, பாட்டிலை வைத்து முன்னால் ஒரு மீட்டரில் நிறுத்திப் பாருங்கள். இறங்கிப் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு மீட்டர் இருக்கும், சில சமயம் பாட்டிலே இருக்காது. முழு வட்டம் அடித்துத் திரும்ப எவ்வளவு அகலம் வேண்டும் என்பதையும் பார்த்துவிடுங்கள்.

பிறகு ஆளில்லாத நேரான சாலையில், சட்டம் அனுமதிக்கும் வேகத்துக்குள், 30-லிருந்து 60 வரை பெடலைக் கால்வாசி அழுத்தி ஒரு முறை, அரைவாசி அழுத்தி ஒரு முறை. அரைவாசிக்கு மேல் இந்தக் கட்டம் முழுக்கத் தேவைப்படாது. தேவைப்படுவதாகத் தோன்றினால் நீங்கள் நுழையப் பார்க்கும் இடைவெளி போதாது என்று அர்த்தம். ஓவர்டேக்கில் பவர் உதவுவது உண்மைதான். எதிர்ப்பக்கத்தில் இருக்கும் நேரம் குறையும். ஆனால் எதிரே வருகிறவரின் வேகத்தைக் கணிக்கும் திறமையை எந்த இன்ஜினும் தராது. சின்ன வண்டியில் போயிருப்பீர்கள் என்றால் மட்டும் போங்கள்.

வளைவில் விதி ஒன்றுதான், அதற்குக் காரணமும் உண்டு. வேகத்தை நேரான பகுதியிலேயே குறைத்துவிட்டு உள்ளே நுழையுங்கள். ஸ்டீயரிங் நேராகத் தொடங்கியபிறகே ஆக்ஸிலரேட்டர். டயருக்கு இருக்கும் பிடி ஓர் அளவுதான். திரும்புவதற்கும் இழுப்பதற்கும் அதையே பங்கிட்டுக்கொள்ள வேண்டும். முன்சக்கரம் இழுக்கும் வண்டியில் வளைவில் மிதித்தால் மூக்கு வெளியே ஓடும், பின்சக்கரம் தள்ளும் வண்டியில் வால் வெளியே வீசும். பயந்து சட்டென்று காலை எடுத்தாலும் எடை முன்னால் சாய்ந்து பின்பக்கம் லேசாகி, அதே வால் வீச்சு வரலாம். ஈரத் தரையில் இவை எல்லாமே குறைந்த வேகத்திலேயே நடக்கும். எனவே பெரிய வண்டியில் முதல் மழை நாள் பக்கத்தில் ஆளோடுதான்.

ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளாமல் ஹில் ஹோல்டு வசதி பிடித்துக்கொள்ளும் என்று அசட்டையாக இருக்காதீர்கள். பல வண்டிகளில் அது இரண்டு விநாடிதான் பிடிக்கும். இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்கை ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரால் தாங்கி நிறுத்தினால் கிளட்ச் சூடேறும், பிரேக்கில் நில்லுங்கள்.

வீட்டில் பவர் வண்டி மட்டும்தான் என்றால்

முதல் சில மணி நேரத்தை, ஆசிரியர் பக்கமும் பிரேக் உள்ள பள்ளி வண்டியில் முடித்துவிட்டு வருவதே நல்லது. அதற்கும் வழியில்லை, வண்டியின் கணக்கும் 100-க்குள்தான் என்றால் மைதானக் கட்டத்தை இரண்டு மடங்காக நீட்டுங்கள். ஈகோ மோடு எப்போதும். சுவரைப் பார்த்து நிறுத்தும் பார்க்கிங்கை, பெடல் பயிற்சி ஒரு முறைகூடத் தவறாத வரை அனுபவசாலியே செய்யட்டும். இருட்டு, மழை, வேகச் சாலை மூன்றும் கடைசியில். ஆட்டோமேட்டிக்கில் தேர்வு எழுதினால் சில நாடுகளில் ஆட்டோமேட்டிக்குக்கு மட்டுமே லைசென்ஸ் தருவார்கள் என்பதையும் முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் உட்காருபவருக்கு

உங்கள் கையில் இருக்கும் ஒரே பிரேக் ஹேண்ட் பிரேக். லிவர் வகை என்றால் அதன் பட்டனை அழுத்திப் பிடித்தபடி படிப்படியாக இழுக்க வேண்டும். ஒரேயடியாக இழுத்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும். ஸ்விட்ச் வகை என்றால், பல வண்டிகளில் ஓடும்போது அதை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருந்தால் வண்டி கட்டுப்பாட்டோடு நிற்கும். விட்டால் பிரேக்கும் விடும். உங்கள் வண்டியில் எப்படி என்று கையேட்டில் படித்து, மைதானத்தில் 20 கிலோமீட்டர் வேகத்தில் நீங்களே ஒருமுறை செய்து பாருங்கள். ஸ்விட்ச் உங்கள் கைக்கு எட்டாத பக்கம் இருந்தால், அந்த வண்டி சாலைப் பயிற்சிக்கு ஏற்றதல்ல.

சொல்லும் வார்த்தைகளை முன்கூட்டியே பேசி வையுங்கள். "நிறுத்து" என்றால் முழு பிரேக், "மெல்ல" என்றால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து கால் வெளியே. "ஏய் ஏய்", "பாத்து பாத்து" என்று கத்தினால் புதியவர் எதையாவது மிதிப்பார், பெரும்பாலும் ஏற்கெனவே கால் இருக்கும் பெடலை. திருப்பத்தை 100 மீட்டருக்கு முன்னாலேயே சொல்லுங்கள். பவர் வண்டியில் 45 நிமிடத்துக்கு மேல் நீட்டாதீர்கள். அதற்குள்ளேயே பெடல் ஒரு முறை மாறிவிட்டாலோ, சொன்ன வேகத்துக்கும் மீட்டருக்கும் 10 கிலோமீட்டர் இடைவெளி வரத் தொடங்கினாலோ, ஓரம் கட்டச் சொல்லி ஸ்டீயரிங்கை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.